பல்லியம் கேட்கும் முறை

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இசை புதிதன்று. ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் பம்பையும் உடுக்கையும் முழங்கக் கேட்டிருக்கிறோம். வைகாசித் தேரின்போது திருச்செங்கோட்டு வீதிகளில் நாகசுரமும் தவிலும் முன்னே செல்ல, அவற்றின் பின்னே நடந்திருக்கிறோம். திருமண வீட்டிலும், சபை மேடையின் முன்னும், வானொலிப் பெட்டியின் அருகிலும் அமர்ந்து கருநாடக இசையைச் சுவைத்து வந்திருக்கிறோம். ஆனால், எண்பது தொண்ணூறு கலைஞர்கள் ஒரே மேடையில் அமர்ந்து, வாய்ப்பாட்டு ஒன்றுமின்றி, முக்கால் மணி நேரம் ஒரே படைப்பை வாசிக்கும் மேல்நாட்டுப் பல்லிய இசை என்றவுடன், அது நமக்கு விளங்காது என்று சொல்லி எழுந்துவிடுகிறோம். வானொலியில் வந்தாலோ வேறு நிலையத்திற்குத் திருப்பிவிடுகிறோம். இவ்வாறு விலகுவதனால் நாம் இழப்பது யாது, விலகாமல் கேட்பதற்கு வழி யாது என்பவையே இன்றைய பேச்சின் பொருள்.

பல்லியம் என்பது பழந்தமிழ்ச் சொல். இயம் என்றால் வாத்தியம். பல இயங்கள் கூடியது பல்லியம். மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்லும் சிலப்பதிகாரப் பகுதியில், குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், அதன்பின் முழவும் இசைத்தன என்று வாத்தியங்கள் வரிசையாகக் கூடிய முறையை இளங்கோவடிகள் கூறுகிறார். ஆகவே பல கருவிகள் கூடி ஒலிப்பது நம் முன்னோர் அறியாத செய்தியன்று. அவை எவ்வாறு கூடின என்பதில்தான் வேற்றுமை இருக்கிறது. ஒன்றைப் பின்பற்றி மற்றொன்று செல்வது நம் முறை. ஒன்று ஒரு வழியிற் செல்ல, மற்றொன்று வேறு வழியிற் செல்ல, இரண்டும் ஒன்றையொன்று பிரியாதிருப்பது மேல்நாட்டு முறை.

இவ்விரு முறைகளும் தமிழ்நாட்டில் சந்தித்தது நேற்றன்று. திப்பு சுல்தானிடமிருந்து சேலம் சீமை ஆங்கிலக் கம்பெனியாரின் கைக்கு மாறியது 1792-ஆம் ஆண்டில். ஏறத்தாழ அக்காலத்தை ஒட்டியே சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. கம்பெனிப் படையின் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளை அங்கே தீட்சிதர் கேட்டார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் பயின்றார். தோளில் நிமிர்த்திப் பிடித்த பிடில், தரையில் அமர்ந்தவரின் மார்புக்கும் காலுக்கும் இடையே சாய்ந்து, நாளடைவில் நம் கச்சேரி மேடையின் இன்றியமையாத அங்கமாயிற்று. முத்துசுவாமி தீட்சிதரோ அந்தப் பாண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரங்கள் என்று பெயர் பெற்ற அவை ஏறத்தாழ 40. ஆங்கிலேய அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அவை யாவும் சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இனி, பல்லிய நிகழ்ச்சி நடைபெறும் ஒரு மாலைப் பொழுதில் மண்டபத்திற்குள் நுழைவோம். இந்தியாவிலேயே, மும்பையில் 2006-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்திய சிம்பொனி இசைக்குழு இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்தி வருகிறது. மேடையில் முதலில் கண்ணிற் படுவது பிடில் வகைக் கருவிகளின் பெருங்கூட்டம். பெரிய குழுவொன்றில் முதல் வரிசைப் பிடில் 16, இரண்டாம் வரிசைப் பிடில் 14, அதனிலும் சற்றுப் பெரிய வயோலா 12, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ 10, ஆள் உயரத்தை மிஞ்சும் டபிள் பாஸ் 8 என்ற கணக்கில் அறுபது பேர் இருப்பதுண்டு. அவர்களுக்குப் பின்னே புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் ஆகிய குழல்கள், அவற்றையடுத்து ஹார்ன், டிரம்பெட், டிராம்போன் முதலிய பித்தளைக் கருவிகள், கடைசியில் முழவுகள். ஒலி மென்மையான கருவிகள் முன்னே, உரத்தவை பின்னே என்பதே இவ்வமைப்பின் நியாயம்.

நிகழ்ச்சி தொடங்குமுன் ஓபோ என்னும் குழல் ஒரே ஒரு சுரத்தை நீளமாக ஒலிக்கிறது. விநாடிக்கு ஏறத்தாழ 440 அதிர்வு கொண்ட அந்தச் சுரத்திற்கு மற்றெல்லாரும் தங்கள் கருவிகளைச் சேர்த்துக்கொள்கின்றனர். ஓபோவும் நம் நாகசுரமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் இரட்டை நாக்குடைய சீவாளி வழியாகவே காற்றுச் செல்கிறது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நம் பாடகர் ஒருவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவார். மற்றொருவர் ஐந்து கட்டையில் பாடுவார். எந்தச் சுருதியை எடுத்துக்கொண்டாலும், கச்சேரி முடியுமட்டும் அதை விட்டு அகலமாட்டார்கள். தம்பூராவும் ஓயாமல் அதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். பல்லியத்திலோ தொடக்கத்தில் சேர்த்த சுருதி கருவிகளை ஒன்றுபடுத்துவதற்கு மட்டுமே. பின்னர் ஆதார ஷட்ஜம் இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும். நம் வித்துவான்கள் கிரக பேதம் செய்யும்போது ஒரு கணம் தோன்றி மறையும் அந்த வியப்பு, அங்கே படைப்பு முழுவதையும் நடத்திச் செல்லும் விசையாக இருக்கிறது. வீட்டை விட்டுப் புறப்படுவதும், வேற்றூர்களில் தங்குவதும், இறுதியில் வீடு திரும்புவதும் போன்றது அது. திரும்பி வரும் அந்த இடத்தைக் காது உணர்ந்துகொள்ளுமாயின், பாதி விளங்கிவிட்டது எனலாம்.

மறுபாதி, பல வழிகளை ஒரே வேளையில் கேட்பது. இதுவும் நமக்கு முற்றிலும் புதிதன்று. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம், கடம், கஞ்சிரா மூன்றும் வெவ்வேறு சொற்கட்டுகளை வாசித்தும் ஒரே தாளத்தில் நிற்பதைக் கேட்டு மகிழ்கிறோம். நாகசுரம் நீண்டதொரு பிடியில் நிற்க, தவில் பொழிந்து தள்ளுவதையும் அறிவோம். தாளத்தில் பன்மை நமக்குக் கைவந்தது. சுரத்தில் பன்மைதான் பழக வேண்டியது. இதை விளக்க நம்மூர்த் தறியே போதும். நெடுக ஓடும் பாவு நூல்களைப்போல ஒவ்வொரு கருவியின் இசையும் காலத்தின் வழியே ஓடுகிறது. குறுக்கே ஊடை நூல் செல்லுமிடத்தில் எல்லாம் பிணைவதைப்போல, ஒவ்வொரு கணத்திலும் அவ்விசைகளின் சுரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிக்கின்றன. சேலத்துத் துணியில் நூலை மட்டும் பார்ப்பவனும் உண்டு, கரையை மட்டும் பார்ப்பவனும் உண்டு. நெய்தவன் இரண்டையும் பார்க்கிறான். சேலத்திலுள்ள கிறித்தவத் திருச்சபைகளில் பாடகர் குழு நான்கு குரலாகப் பிரிந்து ஞானப்பாட்டுகளைப் பாடக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது எளிதில் புலப்படும்.

இந்தப் பல வழிகளையும் பிரித்துக் காட்டும் படைப்பொன்று உண்டு. ஐடன் என்னும் ஆஸ்திரிய இசைப் புலவர் 1772-இல் இயற்றிய அதற்கு விடைபெறும் சிம்பொனி என்று பெயர். ஐடனும் அவருடைய கலைஞர்களும் எஸ்டர்ஹாசி இளவரசரின் ஊழியர்கள். இளவரசர் தம் கோடை மாளிகையில் வழக்கத்தினும் நெடுநாள் தங்கிவிட்டார். கலைஞர்களின் மனைவி மக்களோ தொலைவிலுள்ள ஊரில் இருந்தனர். ஊருக்குப் போக விடை வேண்டும் என்று எசமானரிடம் வாய்திறந்து கேட்க எவருக்கும் துணிவில்லை. ஐடன் இசையால் கேட்டார். சிம்பொனியின் இறுதிப் பகுதியில், ஒவ்வொரு கலைஞராகத் தம் வாசிப்பை முடித்து, எதிரிலிருந்த மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து சென்றார். ஓபோ போயிற்று, ஹார்ன் போயிற்று, பசூன் போயிற்று, டபிள் பாஸ் போயிற்று. கடைசியில் இரண்டே பிடில்கள் மெல்ல ஒலித்து ஓய்ந்தன. குறிப்பை உணர்ந்த இளவரசர் மறுநாளே பயணத்திற்கு உத்தரவிட்டார் என்பது வரலாறு. ஏவலாளர் தம் உரிமையை வேண்டிய விண்ணப்பம் இது. அதே வேளையில் கேட்போருக்கு நல்ல பாடமுமாகும். எந்தக் கருவி நின்றதும் இசையில் எது குறைந்தது என்று ஒவ்வொரு முறையும் நம்மை நாமே கேட்டுக்கொண்டால், கூடி ஒலித்தபோது தெரியாத ஒவ்வொருவரின் பங்கும் அவர் எழுந்து போகும்போது தெரியும்.

ஒரு மாலை நிகழ்ச்சிக்கென்று ஒழுங்கும் உண்டு. நம் கச்சேரி வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, துக்கடா என்று செல்லும் முறையை இருபதாம் நூற்றாண்டில் நிலைநாட்டியவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார். அவர் இளமையில் இசை பயின்ற ஆசிரியர்களுள் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரும் ஒருவர் என்பது இப்பகுதியினருக்குப் பெருமை தரும் செய்தி. அதுபோலப் பல்லிய மாலையிலும் பெரும்பாலும் முதலில் முகப்பிசை ஒன்று வரும். பின்னர்த் தனிக் கலைஞர் ஒருவர் பிடிலோ பியானோவோ வாசிக்க, குழு அவரோடு உரையாடும் படைப்பு ஒன்று. இடைவேளைக்குப் பின் பெரும் பொருளான சிம்பொனி. சிம்பொனி வழக்கமாக நான்கு பகுதிகள் கொண்டது. விறுவிறுப்பான முதற்பகுதி, நிதானமான இரண்டாம் பகுதி, நடனச் சாயலுள்ள மூன்றாம் பகுதி, முடிவை நோக்கி விரையும் நான்காம் பகுதி என்பது பொது இலக்கணம்.

உதாரணமாக, பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை எடுத்துக்கொள்வோம். 1808-ஆம் ஆண்டு டிசம்பர் 22-இல் வியன்னா நகரில் அது முதன்முதலாக அரங்கேறியது. அன்றைய நிகழ்ச்சி நான்கு மணி நேரம் நீண்டது, அரங்கமோ கடுங்குளிர். அதன் தொடக்கத்தை நம் சுரத்தில் சொன்னால், பஞ்சமம் மூன்று முறை குறுகி ஒலித்து, சாதாரண காந்தாரத்தில் ஒரு முறை நீண்டு நிற்கிறது: ப ப ப கா. அடுத்து மத்திமம் மூன்று முறை, ரிஷபம் ஒரு முறை: ம ம ம ரீ. இவ்வளவே விதை. இந்த மூன்று குறிலும் ஒரு நெடிலும் பிடிலிலிருந்து குழலுக்கும், குழலிலிருந்து ஹார்னுக்கும், அங்கிருந்து முழவுக்கும் தாவுகின்றன. நம் பாடகர் ஒரு பல்லவி வரியை எடுத்து நிரவல் செய்வதை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒருவர் செய்வதை இங்கே எண்பது பேர் பங்கிட்டுச் செய்கிறார்கள். முதற்பகுதி நடபைரவி, கீரவாணி ஆகிய மேளங்களின் சுரச் சாயலில் இருண்டு கிடக்கிறது. மூன்றாம் பகுதியின் முடிவில் ஓசை தேய்ந்து, முழவு மட்டும் மெல்லத் துடிக்க, இடைவெளியே இன்றி நான்காம் பகுதி பீறிட்டெழுகிறது. அதுவரை வாளாவிருந்த டிராம்போன்கள் அப்போதுதான் முதன்முறையாக வாய் திறக்கின்றன. சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிறது, சங்கராபரணம் உதயமாகிறது. அரை மணி நேரமும் ஒரு சுரம் அரைப்படி உயர்வதற்காகக் காத்திருந்தோம் என்று கூறினாலும் மிகையாகாது. சுர ஞானமுள்ள எந்தத் தமிழருக்கு இது விளங்காது?

இவ்வளவு பெருமையும் விலையின்றிக் கிடைக்கவில்லை. நம் இசையின் உயிர் மனோதர்மம். ஒரே கல்யாணியை ஒரே வித்துவான் இன்று பாடியபடி நாளை பாடமாட்டார். பல்லியத்திலோ ஒவ்வொரு சுரமும் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. இருபதாவது இருக்கையில் அமர்ந்திருக்கும் பிடில்காரர், நடத்துநரின் கோல் சொன்ன இடத்தில், பக்கத்திலிருப்பவரின் வில் செல்லும் திசையிலேயே தம் வில்லையும் செலுத்த வேண்டும். அவருடைய பெயரைச் சபையோர் அறியமாட்டார்கள். தனி ஒருவரின் சுதந்தரத்தைக் கொடுத்து, கூட்டத்தின் வலிமையைப் பெறும் வாணிகம் இது.

அவ்வாணிகம் நம் சங்கீதத்திற்கு ஏற்குமா என்ற கேள்வியை இந்திய வானொலியே ஒருமுறை துணிந்து எழுப்பியது. 1952-இல் டில்லியில் வாத்திய விருந்தா என்னும் பல்லியக் குழு அமைக்கப்பட்டது. சிதார் மேதை ரவி சங்கரும், தென்னாட்டுப் பிடில் வித்துவான் டி. கே. ஜெயராம ஐயரும் அதனை நடத்தினர். பின்னர்ப் புல்லாங்குழல் மேதை பன்னாலால் கோஷ், வீணை வித்துவான் ஈமனி சங்கர சாஸ்திரி முதலியோரும் அதற்கு இசையமைத்தனர். அவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை ஒரே ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. கீழும் மேலும் அசைந்தாடுவது. அந்த அசைவுதான் தோடி. பத்துப் பிடில்கள் சேர்ந்து அதை வாசித்தால், பத்துப் பேரின் அசைவும் ஓரளவாக இருப்பது அரிது. ஓரளவாக இருக்குமாறு கட்டுப்படுத்தினாலோ உயிர்ப்புக் குன்றும். அதன்மேல் வேறொரு சுரத்தைச் சேர்த்து ஒலிக்கச் செய்யலாமென்றால், அசையும் சுரத்தோடு எதைச் சேர்ப்பது? நின்ற சுரங்களே ஒன்றோடொன்று நிலையாகச் சேரும். பாண்டு மெட்டுகளைத் தீட்சிதர் சங்கராபரணத்தின் சுரங்களிலேயே, கமகம் மிகாமல் அமைத்ததன் காரணம் இப்பொழுது விளங்குகிறதன்றோ? மேல்நாட்டார் பெரிதும் கையாளும் சுர வரிசையும் அதுவே. அதில் ஷட்ஜமும் காந்தாரமும் பஞ்சமமும் நின்று ஒலித்து இன்பமாகக் கலக்கும். கமகத்தை ஆழமாக்கியோர் சுரச் சேர்க்கையை விட்டுக்கொடுத்தார்கள். சுரச் சேர்க்கையை வளர்த்தோர் கமகத்தை விட்டுக்கொடுத்தார்கள். எது உயர்ந்தது என்று வழக்காடுவது வீண். ஒவ்வொன்றும் ஒன்றைத் துறந்தே மற்றொன்றைப் பெற்றது என்பதை அறிவதே ரசிகனுக்கு அழகு.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வேலை நம் மண்ணிலேயே, சத்தமின்றி நடந்து வந்திருக்கிறது. திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் சேலம் ஏற்காடு சாலையில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தை நீங்கள் அறிவீர்கள். 1950-இல் வெளிவந்த அதன் ‘மந்திரிகுமாரி’ படத்திற்கு இசையமைத்த ஜி. இராமநாதன் கருநாடக ராகங்களில் ஊறியவர். அவரைப்போன்றோரின் பாடல்களில், பல்லவிக்கும் சரணத்திற்கும் இடையே பிடில்களும் செல்லோவும் கிளாரினெட்டும் கூடி ஒலிப்பதைச் சேலத்து மக்கள் கொட்டகையில் அமர்ந்து கேட்டார்கள். பல்லியம் என்று பெயர் சொல்லாமலே அவர்களுடைய காது அதற்குப் பழகிற்று.

திரையிசை வழியே பழகிய அந்தக் காதுக்கு அடுத்த படியைக் காட்டியவர் இளையராஜா. மேற்கு மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த அவர், 2005-இல் திருவாசகப் பாடல்களைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் துணையுடன் வெளியிட்டார். 2025-ஆம் ஆண்டு மார்ச் 8-இல் லண்டன் மாநகரில், அவர் எழுதிய ‘வேலியன்ட்’ என்னும் சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. பாட்டின் இடைவெளியை நிரப்பவந்த கருவிகள் அங்கே பாட்டின்றித் தாமே பேசின. தமிழ்நாட்டுச் சிற்றூரில் வளர்ந்த ஒரு செவி பல்லிய ஏட்டை எழுதக் கற்றுக்கொள்ள முடியுமென்றால், அதைக் கேட்கக் கற்பது நமக்கு இயலாததோ?

கற்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். ஒரு சிறிய படைப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதல் முறை கேட்கும்போது மேலே ஒலிக்கும் பிடிலை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை செல்லோவையும் டபிள் பாஸையும் மட்டும் பின்தொடருங்கள். கீழ்க்குரல் எங்கே அசைகிறதோ அங்கேதான் இசையின் திசை மாறும். மூன்றாம் முறை இரண்டுக்கும் இடையிலுள்ள குரல்களைத் தேடுங்கள். நான்காம் முறை எதையும் தேடாதீர்கள். எல்லாம் தாமே வந்து சேரும். மண்டபத்தில் எப்போது கைதட்டுவது என்ற கவலை பலருக்கு உண்டு. நான்கு பகுதிகளும் முடிந்த பின்னரே கைதட்டுவது இன்றைய வழக்கம். ஆயினும் 1778-இல் பாரிஸ் நகரத்துச் சபையோர் மொசார்ட்டின் சிம்பொனியைக் கேட்கையில், பிடித்த இடம் வந்ததும் நடுவிலேயே கைதட்டினார்கள். மொசார்ட்டும் அதனை மகிழ்ச்சியுடன் தம் தந்தைக்கு எழுதினார். நல்ல பிடி ஒன்று விழுந்தவுடன் சபாஷ் என்று சொல்லும் நம் ரசிகரின் குணம் அங்கேயும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது.

திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கும் அர்த்தநாரீசுவரர் திருவுருவில் ஒரு பாதி மற்றொரு பாதியை விழுங்கிவிடவில்லை. இரண்டும் தம் தன்மை கெடாமல் ஓருருவாய் நிற்கின்றன. பல்லியத்தில் பிடிலும் ஓபோவும் நிற்பதும் அவ்வாறே. நம் காதிலும் தோடியின் அசையும் காந்தாரத்திற்கு ஓரிடமும், பீத்தோவனின் நின்ற காந்தாரத்திற்கு ஓரிடமும் இருக்கட்டும். அடுத்த முறை வானொலியில் பல்லிய இசை தொடங்கும்போது, நேயர்களே, நிலையத்தை மாற்ற எழுந்த கையைச் சற்று நிறுத்துங்கள். அந்த முதல் சில நிமிடங்களைத் தாண்டிவிட்டால், பின்னர் மாற்ற மனம் வராது.